தூண்டிலும் தியானமும்

ஆற்றங்கரையில் தூண்டிலைப் போட்டுக்கொண்டு தனியே உட்கார்ந்திருப்பவனைக் கண்டால், "வேலையற்றவன்" என்று நாம் எளிதில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். ஐஸக் வால்டன் என்ற ஆங்கிலேயரின் சரித்திரத்தைப் படித்த பிறகு அத்தீர்ப்பை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

வால்டன் லண்டனில் கடை வைத்து ஜீவனம் செய்தவர். முதல் மனைவியையும் அவள் பெற்ற குழந்தைகளையும் யமனுக்குப் பறிகொடுத்தவர். நாட்டிலோ உள்நாட்டு யுத்தம். 1645-இல் அவருடைய திருச்சபையின் பிரார்த்தனைப் புஸ்தகத்துக்குத் தடை வந்தது. 1649-இல் அரசனுடைய தலையே உருண்டது. இவ்வளவுக்கும் பின்னர், 1653-இல் அவர் வெளியிட்டது மீன் பிடிக்கும் கலையைப் பற்றிய ஒரு நூல்! 'தியானம் செய்பவனின் பொழுதுபோக்கு' என்று அதற்கு உபதலைப்பும் சூட்டினார். அந்நூலில் நாம் காண்பது மனக்கசப்பன்று, நன்றியறிதலே.

லீ நதிக்கரையில் அவர் கற்ற பாடம் இதுவென்று நமக்குத் தோன்றுகிறது: இரையைக் கோத்துத் தூண்டிலை வீசுவது நம் கடன், மீன் வருவது நம் வசத்தில் இல்லை. கடனைச் செய்துவிட்டுக் கலங்காமல் காத்திருப்பதே பக்தி. அப்படிக் காத்திருந்தவர் வளர்ந்தார். அவருடைய நூலும் வளர்ந்தது. 13 அத்தியாயங்களோடு பிறந்த நூல், 1676-இல் 21 அத்தியாயங்கள் கொண்டதாயிற்று.

நமக்கு நதியும் தூண்டிலும் வேண்டுமென்பதில்லை. வீட்டுத் திண்ணையே போதும். பேச்சும் பத்திரிகையும் இன்றி – இப்பத்திரிகையும் இன்றித்தான் – தினம் அரைமணி நேரம் தனித்திருந்து பார்ப்போமாக!