மின்காருக்கு ஒரு துபாஷி

2010ஆம் ஆண்டு ஜப்பானில் அறிமுகமான நிசான் லீஃப் மின்கார்கள் நம் நாட்டு வீதிகளிலும் ஓடுகின்றன. அவற்றின் விரைவு மின்னேற்று முறைக்குச் 'சாடெமோ' என்று பெயர், "தேநீர் அருந்தலாமா?" என்னும் ஜப்பானிய உபசார மொழியை நினைவூட்டுவது. ஐரோப்பிய 'சி.சி.எஸ்.' முறை நிலையமோ வேறு பாஷை பேசும். இரண்டுக்கும் இடையே துபாஷியாய் நிற்பதே இணைப்பான். துபாஷி எத்துணை வல்லவனாயினும், கார் ஏற்கும் அளவுக்கு மேல் மின்சாரம் ஏறாது. எல்லா நிலையங்களோடும் அவன் ஒத்துப்போவான் என்பதுமில்லை.

ஆதலின், நேயர்களே, புது இணைப்பானைத் தூரப் பயணத்திலே பரீட்சிக்க வேண்டாம். மின்கலத்தில் பாதி மின்சாரம் எஞ்சியிருக்கையில், வீட்டுக்கு அண்மையிலேயே சோதியுங்கள். மிகச் சூடேறினால் நிறுத்துங்கள்; மின்சாரம் பாய்கையில் கழற்றாதீர்கள். குழந்தைகளோடு நடுவழியில் தவிப்பதினும், ஒரு கோப்பைத் தேநீர்ப் பொழுது காத்திருப்பது மேலன்றோ?