மழித்த கன்னத்தைக் காட்டச் சொல்லுங்கள்!

கல்யாணம் நிச்சயமான பிள்ளைகளுக்கு இப்போது ஒரு புதுக் கவலை பிடித்திருக்கிறது. தலையில் வழுக்கை விழுவது போதாதென்று, தாடி அடர்த்தியாக இல்லையே என்ற ஏக்கம் வேறு! முகூர்த்தத்துக்கு மூன்று மாதம் இருக்கையில் 'ஹேர் டிரான்ஸ்பிளான்ட்' செய்துகொள்ளப் புறப்பட்டு விடுகிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு மாப்பிள்ளை இருந்தால், அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

எல்லோரும் கேட்கிற கேள்வி, "முடி முளைக்குமா?" என்பதுதான். பெரும்பாலும் முளைத்துவிடும். பின்னந்தலை முடியை எங்கே நட்டாலும் அது தன் பிறவிக் குணத்தை விடாது என்று நியூயார்க் டாக்டர் நார்மன் ஓரென்ட்ரைக் 1959-லேயே எழுதிவிட்டார். கேட்க மறக்கிற கேள்வி ஒன்று உண்டு: "தோல் எப்படி இருக்கும்?"

அந்த நாளில் சுமார் 4 மில்லிமீட்டர் அகல வட்டத் துண்டுகளாகத் தோலோடு பெயர்த்து நட்டார்கள். முடி கொத்துக் கொத்தாக, பொம்மைத் தலையில் தைத்த மாதிரி நின்றது. அடியிலே தோல், கூழாங்கல் பாவிய தெருவைப் போல் மேடும் பள்ளமுமாயிற்று. இப்போது ஒன்று முதல் நான்கு முடி வரை, இயற்கையாகச் சேர்ந்திருக்கும் சின்னஞ்சிறு கொத்துகளாகப் பிரித்து நடுகிறார்கள். அதனால் அந்தத் தொல்லை மிகவும் குறைந்திருக்கிறது, ஒழிந்துவிடவில்லை.

நாற்று நடுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆழமும் முக்கியம், சாய்வும் முக்கியம். முடியோடு வந்த துளித் தோல் துருத்திக்கொண்டு நின்றால் மேடு. அமுங்கிப் போனால் குழி. இரண்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இராது! இப்படி ஆயிரக்கணக்கில் நட வேண்டும். நடுகிறவர் கை அலுத்தால் அதோகதிதான்.

தலையிலுள்ள மேட்டை முடி மறைத்துவிடும். கன்னத்தில்? பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் போதும், ஒவ்வொரு புடைப்பும் எண்ணுகிறாற்போல் தெரியும். தாடியை மழித்தால் மேடு போகாது. மாறாக, மூடியிருந்த திரைதான் போகும். ஆசைக்கு வைத்த தாடியை ஆயுளுக்கும் எடுக்க முடியாமல் போவது என்ன கொடுமை, பாருங்கள்!

மூன்று மாதக் கணக்கும் சரிப்படாது. முதல் வாரம் பொருக்கு. இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் நட்ட முடி உதிரும். மறுபடி தலைகாட்ட மூன்று, நான்கு மாதமாகும். முழுப் பலன் தெரிய ஏறக்குறைய ஒரு வருஷம். முகூர்த்த நாளன்று மாலையும் கழுத்துமாக நிற்கும்போது, முடி இராது. சிவப்பு மட்டும் இருந்தாலும் இருக்கும்.

ஆரம்ப மாதங்களில் வரும் சிறு பருக்களைக் கண்டு பதற வேண்டாம்; கிள்ளவும் வேண்டாம். பெரும்பாலும் அடங்கிவிடும். சீழ், ஏறிக்கொண்டே போகும் வலி, காய்ச்சல் என்றால் மட்டும் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். ஒரு வருஷமாகியும் மேடு நிலைத்திருந்தால், துருத்தும் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுப்பதும், லேசரால் தோலைச் சமன் செய்வதும் உண்டு. ஓரளவுக்குச் சீராகும், பழைய கன்னம் அப்படியே திரும்பி வராது. முடியை மட்டும் லேசரால் போக்கினால், மேடு நின்றுவிடக்கூடும்.

காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ தழும்பு கட்டியாக வளர்ந்த உடம்பா? அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அத்தகையவர்களுக்குத் தாடைக்கு அடியில் நாலைந்து முடி நட்டுச் சில மாதம் பார்த்த பிறகே மேலே போகிற டாக்டர்கள் இருக்கிறார்கள்.

யார் செய்யலாம் என்பதற்கும் விதி உண்டு. முறையாகப் பயிற்சி பெற்ற டாக்டர்களே செய்ய வேண்டுமென்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவுறுத்தியது. யூடியூப் பார்த்துக் கற்றது பயிற்சியாகாது என்றும் அதில் எழுத வேண்டியிருந்ததென்றால், நிலைமையை ஊகித்துக்கொள்ளுங்கள்!

ஆகவே, துளை போடுவது யார், நடுவது யார் என்று பெயரோடு கேளுங்கள். பளபளக்கும் தாடிப் படங்களை ஆல்பத்தில் காட்டுவார்கள். அதை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, சிகிச்சை முடிந்து ஒரு வருஷமான பிறகு மழித்த கன்னத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.