காய்ச்சலே இல்லை, ஆனால் மலேரியா! ஸ்லைடில் சிக்காத கிருமியை பிசிஆர் எப்படிப் பிடிக்கிறது?

இந்தியாவில் 2015-ல் 11,69,261 பேருக்கு இருந்த மலேரியா, 2023-ல் 2,27,564 ஆகக் குறைந்துவிட்டதாகச் சொல்கிறது மத்திய அரசின் கணக்கு. 2027-க்குள் உள்ளூர்ப் பரவலே இருக்கக் கூடாது, 2030-க்குள் முழுமையாக ஒழிக்க வேண்டும் என்பது இலக்கு. ஆனால், மிச்சம் இருப்பதைப் பிடிப்பதுதான் கஷ்டம். ஏன்?

சேரப்பணஞ்சேரிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஒரகடத்தை ஒட்டிய ஊர் சேரப்பணஞ்சேரி. இந்தப் பகுதித் தொழிற்சாலைகளுக்கும் கட்டட வேலைக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் நிறைய பேர் வருகிறார்கள். ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் போன்ற மாநிலங்களின் சில பகுதிகளில் மலேரியா இன்னமும் இருக்கிறது. அங்கே சின்ன வயதிலிருந்தே அடிக்கடி மலேரியா வந்தவர்களுக்கு ஓரளவு எதிர்ப்பு சக்தி உருவாகியிருக்கும். ரத்தத்தில் ஒட்டுண்ணி இருந்தாலும் காய்ச்சல் வராது. அவர் பாட்டுக்கு ஷிப்டுக்குப் போய்வருவார்.

நகர்ப்புறங்களில் மலேரியாவைப் பரப்பும் 'அனோபிலிஸ் ஸ்டீபன்சி' கொசு, மூடாத மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் இருக்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். அந்தக் கொசு இவரைக் கடித்துவிட்டு, சில நாள் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரரைக் கடித்தால்? ஊருக்குள்ளேயே பரவல் ஆரம்பம்.

ஸ்லைடில் ஏன் தெரியாது?

விரலில் குத்தி எடுத்த ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது, ஒரு மைக்ரோலிட்டரில் 50 முதல் 100 ஒட்டுண்ணிகளாவது இருந்தால்தான் வழக்கமாகக் கண்ணில் படும். 20 நிமிடத்தில் கோடு காட்டும் ரேபிட் கிட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். அதற்குக் கீழே போனால் 'நெகட்டிவ்'.

பிசிஆர் என்ன செய்கிறது?

பிசிஆர் தேடுவது ஒட்டுண்ணியின் மரபணுவை. கிடைத்த துண்டை ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மடங்காக நகலெடுக்கும். 30 சுற்றில் ஒன்று 100 கோடியைத் தாண்டிவிடும். அதனால் ஒரு மைக்ரோலிட்டரில் ஓரிரு ஒட்டுண்ணி இருந்தாலும் சிக்கிவிடும். வைவாக்ஸா, ஃபால்சிபாரமா என்றும் சொல்லிவிடும். கொரோனா காலத்தில் கேள்விப்பட்ட 'ட்ரூநாட்' கருவியில் மலேரியாவுக்கும் சிப் இருக்கிறது. பேட்டரியிலேயே ஓடும்.

அப்போ எல்லாருக்கும் பிசிஆர் எடுக்கலாமே?

தேவையில்லை. காய்ச்சலோடு வருபவருக்கு ஸ்லைடு அல்லது கிட் பெரும்பாலும் போதும். செலவும் குறைவு, சிகிச்சையும் அன்றே தொடங்கும். ஒருவருக்கு மலேரியா உறுதியானதும், அவரோடு தங்கியிருப்பவர்களில் காய்ச்சல் இல்லாமல் கிருமியைச் சுமப்பவர் யார் என்று தேடத்தான் பிசிஆர் வேண்டும். அதுக்கும் ஒரு எல்லை உண்டு: கல்லீரலில் தூங்கும் வைவாக்ஸ் கிருமியை ரத்தப் பரிசோதனை எதுவும் காட்டாது. அதை அழிக்கத்தான் 14 நாள் பிரைமாகுயின் மாத்திரை. காய்ச்சல் விட்டதும் நிறுத்தினால், மாதங்கள் கழித்துத் திரும்ப வரலாம்.

வெளிமாநிலத் தொழிலாளர்கள்தான் காரணமா?

இல்லை. அவர்களும் கொசுக்கடி வாங்கியவர்கள்தான். பரவுவதற்கு நம்ம ஊர்த் தொட்டியும் திறந்திருக்க வேண்டுமே! பாசிட்டிவ் வந்தால் வேலை போகும், சம்பளம் பிடிப்பார்கள் என்று பயந்தால் யாரும் பரிசோதனைக்கே வர மாட்டார்கள். பிறகு எந்தக் கருவி இருந்தும் பயனில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது

- குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலா? அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள். பரிசோதனை இலவசம்.
- சமீபத்தில் வெளியூர் போயிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.
- மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.
- வாடகைக்கு விடும் வீடு, ஹாஸ்டல் என்றால் மாடித் தொட்டிக்கு மூடி போடுங்கள்.