சக்கரத்தில் அனல் அடிக்கிறதா?



மேல்மலையனூர் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: “அக்கா, எங்க வீட்டுக்காரர் பழைய பிக்கப் வண்டி வச்சு வாடகைக்கு ஓட்டறார். அமாவாசை வந்தா திண்டிவனத்துலேருந்து கடைச் சரக்கு ஏத்திக்கிட்டு செஞ்சி, வளத்தி வழியா வருவார். கொஞ்ச நாளா பின் சக்கரம் ரெண்டும் கொதிக்குது, கருகல் வாசனை வருது. சரக்கை இறக்கிட்டுக் காலியா வரும்போது பிரேக் போட்டா பின் சக்கரம் அப்படியே நின்னு வண்டி வீசுது. ஆறு மாசத்துல ரெண்டு தரம் ஷூ மாத்தியாச்சு. என்னதான் கோளாறு?”

சமையல் பக்கத்தில் இதுவா என்று முகம் சுளிக்காதீர்கள். அந்த வண்டிதான் அவர் வீட்டு அரிசி, பருப்பு. மழை ரோட்டில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி பம்பரமாய்ச் சுழலும்.

முதலில் ஒன்று புரிந்துகொள்ளுங்கள். பெடலை மிதித்தால் எண்ணெய் குழாய் வழியே போய் ஷூவை விரித்து டிரம்மோடு அழுத்துகிறது. காலை எடுத்ததும் ஸ்பிரிங் ஷூவை இழுக்க, எண்ணெய் திரும்பி வந்துவிட வேண்டும். வராவிட்டால் ஷூ உரசிக்கொண்டே ஓடும்; சூடு, கருகல், டீசல் செலவு எல்லாம் அதனால்தான். எண்ணெய் ஏன் திரும்பவில்லை என்று பார்க்காமல் ஷூவை மட்டும் மாற்றுவது, ஒழுகும் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை.

மெக்கானிக்கிடம் போகும்போது இந்தச் சோதனைகளைக் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, சக்கரத்தின் அருகே புறங்கையைக் காட்டுங்கள். தொடாதீர்கள், தோல் உரிந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் அனல் என்றால் கோளாறு அந்தச் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும்: ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது வீல் சிலிண்டர் துருப்பிடித்திருக்கும். இரண்டு பக்கமும் என்றால், இரண்டுக்கும் பொதுவான இடத்தில் தேட வேண்டும்.

முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கட்டும். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் இறங்கி இருக்கட்டும். ஹேண்ட் பிரேக் கேபிளை முழுக்கத் தளர்த்தியதும் சக்கரம் லேசாகச் சுற்றினால், கேபிள்தான் துருவேறி இறுகியிருக்கிறது. ஏரியில் வண்டி கழுவிவிட்டு இரவெல்லாம் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்துகிறவர்களுக்கு இது வழக்கம். ஐப்பசி, கார்த்திகையில் சமதரையில் கியரில் போட்டுக் கல் வைத்து நிறுத்துவதே மேல்.

அப்படியும் சுற்றவில்லையா? பெடலை மிதித்து விட்டு, காற்று எடுக்கும் நிப்பிளைத் திறக்கச் சொல்லுங்கள். எண்ணெய் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. திறந்தும் விடுபடாவிட்டால் கோளாறு ஷூ, ஸ்பிரிங், சிலிண்டர் பக்கம். அழுத்தம் சிக்கியிருந்தால் நிப்பிளை மூடி, மறுபடி மிதித்து விட்டு, இந்தத் தடவை மாஸ்டர் சிலிண்டரில் பின்பக்கக் குழாய் சேரும் இடத்தைத் தளர்த்த வேண்டும். சக்கரம் விடுபட்டால் குறை மாஸ்டர் சிலிண்டரில், அல்லது பெடலுக்குத் துளி ஆட்டம்கூட இல்லாமல் இறுக்கி வைத்ததில். விடுபடாவிட்டால் பின் அச்சுக்குப் போகும் ரப்பர் ஹோஸைச் சந்தேகப்படலாம். வெளியே புதிது போல இருக்கும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். வாசகியின் வண்டியில் இரண்டு சக்கரமும் கொதிப்பதால் கேபிளையும் இந்த ஹோஸையும்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். இணைப்பைத் திறந்தால் காற்று புகும். கடைசியில் காற்று எடுக்காமல் வண்டியை வாங்காதீர்கள்.

காலி வண்டியில் பூட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில பிக்கப்களில் பாரத்துக்கு ஏற்றபடி பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு இருக்கும். அது ‘பாரம்’ நிலையிலேயே துருப்பிடித்து நின்றால் காலி வண்டிக்கும் முழு அழுத்தம் போகும். டிரம்மைக் கழற்றும்போது லைனிங்கில் கிரவுன் ஆயில் கசிந்து ஊறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அதனாலும் பிரேக் திடீரென்று கவ்வும். ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் போடுவது சிக்கனமல்ல. இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். சென்னை பாடியில் 1962-இல் பிரேக்ஸ் இந்தியா தொடங்கிய ஊர் நம்முடையது. நல்ல உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை, போலிக்கும் பஞ்சமில்லை. பில் கேட்டு வாங்குங்கள்.

பிரேக் ஆயில் டப்பாவில் கைக்குக் கிடைத்த எஞ்சின் ஆயிலை ஊற்றுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ரப்பர் சீல் எல்லாம் ஊதிப்போய் எண்ணெய் திரும்பும் சின்னத் துவாரம் அடைபடும். சரியான பிரேக் ஆயிலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ‘டாட் 3’ வகை புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 140-க்கு இறங்கலாம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். மீதியைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைக்காதீர்கள். குழந்தை குடித்தால் விஷம்.

இன்னொரு சங்கதி. பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம். அதன் தூசு நுரையீரலுக்குப் பகை. டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்து ஊதவிடாதீர்கள். ஈரத்துணியால் துடைக்கட்டும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். அவர் வேலை செய்த சட்டையை உதறாமல் தண்ணீரில் நனைத்து, குழந்தைத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள்.