தோட்டத்தின் பெயரிலிருந்து தொடங்கலாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாழும் தமிழ்ப் பிள்ளை தன் முப்பாட்டனை இணையத்திலேயே தேடிப் பிடிக்க முடியும். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய 152,184 பேரின் பதிவேடுகள் காப்பாற்றப்பட்டு, தேடிப் பார்க்கும்படி தொகுக்கப்பட்டிருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, சொந்த ஊர், வந்த கப்பல், உடம்பிலிருந்த தழும்பு வரைக்கும் அவற்றில் உண்டு. மலேசியாவின் கோல சிலாங்கூரிலோ பெஸ்தாரி ஜெயாவிலோ ஒரு பிள்ளை அதே ஆசையோடு உட்கார்ந்து கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தட்டினால் அப்படி எதுவும் வராது. சலித்துப்போய் எழுந்துவிடும். ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை’ என்று நாமும் சொல்லிவிடுகிறோம்.

அந்தக் குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. ஒப்பந்த முறையில் ஒவ்வொரு கூலியும் சட்டப்படி கட்டுண்டவர். ஓடிப்போனால் அடையாளம் கண்டு பிடிக்க வேண்டியிருந்ததால் நுணுக்கமாக எழுதி வைத்தார்கள். மலாயாவில் அந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டது. சிலாங்கூரில் காடுகள் வெட்டப்பட்டு ரப்பர் பெருகியது ஏறக்குறைய அதே காலத்தில்தான். இங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் கங்காணி தன் ஊருக்குப் போய்த் திரட்டி வந்த சனங்கள். கப்பல் செலவுக்கு 1907இல் தொடங்கிய குடியேற்ற நிதி இருந்தது. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ ஏறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹமிலோ இறங்கினார்கள். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை இது நடந்தது. இவர்களுக்கு நேட்டாலைப் போல ஆளுக்கொரு வரி எழுதி இணையத்தில் யாரும் வைத்திருக்கவில்லை.

ஆனால் தோட்டத்துக்குப் பதிவு உண்டு. அது கம்பெனியின் சொத்து; சொத்துக்குக் கணக்கு எழுதாமல் விடமாட்டார்கள். அதனால் நம் பிள்ளைகள் ஆளின் பெயரை விட்டுவிட்டுத் தோட்டத்தின் பெயரிலிருந்து தேடத் தொடங்க வேண்டும்.

சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை ‘நியூஸ்பேப்பர்எஸ்ஜி’ தளத்தில் திறந்து வைத்திருக்கிறது. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா டிரிபியூன் போன்ற ஏடுகளில் தோட்டக் கம்பெனிகளின் ஆண்டுக்கூட்ட அறிக்கைகளும், மாதம் எத்தனை பவுண்டு ரப்பர் வந்தது என்ற கணக்கும் அச்சாகியிருக்கும். தென்னமரம் தோட்டத்தில் கொள்ளுப்பாட்டி வேலை செய்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு இன்னும் பெரிய கதை காத்திருக்கிறது. 1917இல் ஹென்றி ஃபோகோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டது அங்கேதான். பின்னர் அவர் மலாயாவைப் பற்றி எழுதிய நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்த செம்பனைத் தோட்டம், தன் வீட்டுப் பெண்கள் பழம் பொறுக்கிய இடம் என்று தெரியும்போது அந்த வரியைப் பிள்ளை மறக்காது.

1941ஆம் ஆண்டுக்கும் போகட்டும். கிள்ளானில் ஆர்.எச். நாதனும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் முன்னின்ற வேலைநிறுத்தம் சிலாங்கூர்த் தோட்டங்களில் பரவிய ஆண்டு அது. சீனத் தொழிலாளருக்கு நிகரான சம்பளம் கேட்டார்கள், கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். வெள்ளைக்காரத் துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. நாதன் நாடு கடத்தப்பட்டார், படையை இறக்கினார்கள், உயிர்கள் போயின. சைக்கிள் ஓட்டும் பத்து வயதுப் பையனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ‘நம்ம தாத்தாவோட அப்பாவும் இறங்கினாரா?’ என்றுதான் கேட்பான். அந்தக் கேள்விக்கு எந்தத் தளத்திலும் பதில் இல்லை. இருந்தால் வீட்டில்தான் இருக்கும்.

இணையம் யாரை எழுதியது, யாரை விட்டது என்பதையும் பிள்ளைகள் பார்க்கவேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை 415 கிலோமீட்டர். காஞ்சனபுரியில் புதைக்கப்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளைக் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயர் சொல்லித் தேடலாம். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களுக்கு அப்படியொரு பட்டியல் கிடையாது. ‘சயாமுக்குப் போனவர் திரும்பவே இல்லை’ என்று பாட்டி சொல்லும் ஒரு வாக்கியம்தான் அவர்களில் பலருக்கு எஞ்சியிருக்கும் பதிவு. அதை எழுதிக்கொள்ள நமக்குக் கிடைத்திருக்கும் காலம் மிகக் குறைவு. இதைச் சொல்லும்போது எனக்குப் பதற்றமாகவே இருக்கிறது.

பெரியவர்களிடம் கேட்கும் முறையும் முக்கியம். ‘அந்தக் காலம் எப்படி இருந்தது?’ என்றால் ‘கஷ்டப்பட்டோம்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கூகுள் எர்த்தில் தோட்டம் இருந்த இடத்தைத் திறந்து, பழைய படங்கள் இருந்தால் ஆண்டு ஆண்டாகப் பின்னே நகர்த்தி, பேரப்பிள்ளை கைப்பேசியை நீட்டட்டும். லயம் எந்தப் பக்கம்? பெரட்டுக்கு எங்கே நின்றீர்கள்? ஆயாக்கொட்டகையில் உங்களைப் பார்த்துக்கொண்டது யார்? மாரியம்மன் கோயில் அப்போதும் அங்கேதானா? விரல் வரைபடத்தில் நகரத் தொடங்கினால் பேச்சும் வரும். மேரி, நைகல் கார்ட்னர், மின்யாக், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் வீடு கேட்டு நடத்திய நெடுநாள் போராட்டத்தைப் பற்றி இணையத்தில் நிறையச் செய்தி இருக்கிறது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் குடும்ப வரலாறு நேற்றைய நாளிதழ்வரை நீள்கிறது.

பெயரைத் தேடும் கட்டம் பிறகு வரட்டும். அதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. தோட்டத்துக் கணக்கரான கிராணி காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே வீட்டு அண்ணன் தம்பி அடையாள அட்டைகளில்கூடத் தகப்பன் பெயர் இரு விதமாக இருக்கும். மேல்நாட்டு வம்சாவளித் தளங்கள் குடும்பப் பெயரைக் கேட்கும். நமக்கு அது கிடையாது. இரும்புப் பெட்டியில் கிடக்கும் சூராட் பெரானாக் எனும் பிறப்புச் சான்றிதழ், தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்க அட்டை, 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் புத்தகம் ஆகியவை அந்தத் தளங்களைவிட அதிகம் சொல்லும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து வைக்கவேண்டும். சொல்லப் பிடிக்காத கதைகளும் பெரியவர்களுக்கு உண்டு. அவற்றைக் கேட்டு வற்புறுத்தக்கூடாது.

பள்ளிகளிடம் நான் எதிர்பார்ப்பது இதைவிடப் பெரியது. நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தில் குடும்பத்தையும் பள்ளியையும் வசிப்பிடத்தையும் அறியும் பகுதி இருக்கிறது. அதை வண்ணத்தாளில் வரைந்த குடும்ப மரத்தோடு முடித்துக்கொள்வது பெரிய இழப்பு. ரப்பர் போய்விட்டது, லயம் பல இடங்களில் இடிந்துவிட்டது. தென்னமரம், ராஜா மூசா, சிலாங்கூர் ரிவர், கோல்பீல்ட்ஸ் என்ற தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள்தான் சுமக்கின்றன. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களைப் பள்ளி வைக்கச் சொன்னதால் வளர்ந்த பள்ளிகளில் பழைய சேர்க்கைப் பதிவேடு எஞ்சியிருந்தால், பிள்ளை பெயரும் தகப்பன் பெயரும் சேர்ந்திருக்கும் அந்தப் பக்கங்களே நம் பெயர்ப்பட்டியல். இலங்கையில் நூலகம் நிறுவனம் 2005 முதல் தமிழ் ஆவணங்களை மின்வடிவில் சேர்த்துவருகிறது. 2001இல் தொடங்கிய தமிழ் மரபு அறக்கட்டளையும் அத்தகைய வேலையைச் செய்கிறது. பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் மனம் வைத்தால் ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளே ஆசிரியர் துணையோடு பதிவேடுகளைப் படமெடுத்துப் பெயர்களைத் தட்டச்சு செய்துவிடுவார்கள். அடையாள அட்டை எண்களும் சாதிக் குறிப்புகளும் வெளியே போகாமல் மறைக்கப்படவேண்டும். 1940க்கு முந்தைய பக்கங்களிலிருந்து தொடங்கினால், உயிரோடிருப்பவர்களின் விவரம் வெளியாகுமோ என்ற அச்சமும் குறையும்.