மேய்ச்சல் தரைக்கு எல்லைக்கல் எப்போது?

காலபோக விதைப்புக்கு முன்னர் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டங்களில், மாடுகளை வயல்வெளியிலிருந்து அகற்ற நாள் குறிப்பது வன்னியின் வழக்கம். அகற்று என்று கட்டளையிடுவோர், எங்கே கொண்டுபோவது என்பதற்கு மாத்திரம் மறுமொழி கூறுவதில்லை. ஒட்டுசுட்டானை நோக்குவோம். வயல் விதைத்தாயிற்று, காடு வனத் திணைக்களத்தின் எல்லைக்கல்லுக்குள் இருக்கிறது, முத்தையன்கட்டுக் குளத்தின் அலைகரைப் புல்லோ மாரியில் நீருள் மறைகிறது. பட்டிக்காரன் வானத்திலா மாடு மேய்ப்பான்?

பயிரை அழித்த மாட்டைப் பிடிக்கவும் நட்டஈடு பெறவும் 1876ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் பிறந்தது. அது நியாயமே, கமக்காரனின் வியர்வை மாட்டுக்கு இரையாகலாகாது. ஆனால், தண்டிக்கும் சட்டம், தவறாது வாழ இடமும் காட்டவேண்டுமன்றோ? காட்டாததனால் ஒரே ஊரார் இருவர் பகைவராகின்றனர்.

தரை கிடைத்தால் மட்டும் போதாது. புல்லின் இயல்பையும் அறிதல் வேண்டும். மாடு முதலில் கடிப்பது சுவையான புல்லையே. தளிர்த்தது தேறுமுன் மீண்டும் மீண்டும் கடிபட்டால் வேர் நலிந்து மடியும். அவ்விடத்தை மாடு தீண்டாத பூண்டு பிடிக்கும். 1987இல் வந்த இந்தியப் படையினரின் ஆடுகளோடு வந்ததெனக் கருதப்படும் பார்த்தீனியம் பரவுவதற்கும் இத்தகைய வெற்றுத் தரையே வாய்ப்பாகிறது. ஆகவே, தரையைப் பங்கிட்டு, ஒன்றில் மேய்த்து மற்றதற்கு ஓய்வளித்து, அறுகும் பிற நாட்டுப் புற்களும் பூத்து விதை உதிர்க்க விடவேண்டும். தரை தாங்கும் அளவுக்கே மாடும் விடவேண்டும். உரிமை கேட்கும் பட்டிக்காரர் இக்கடமையை மறுக்கலாகாது.

மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள், தம் மேய்ச்சல் தரையில் வெளியார் பயிர்செய்வதை எதிர்த்து 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினர். வழக்கத்தால் ஆண்ட நிலத்துக்கும் உறுதியான எல்லையும் காவலும் வேண்டும் என்பதே அது புகட்டும் பாடம்.

கால்நடை வளர்ப்பை மாகாண நிரலில் சேர்த்தது 13ஆம் திருத்தம். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதைச் சாட்டாக்கி வாளாவிருத்தல் தகாது. பிரதேச செயலகமும் வனத் திணைக்களமும் கமநல, கால்நடை அதிகாரிகளும் ஒன்றாக அமர்ந்து, நிலத்தை அளந்து, வர்த்தமானியில் அறிவிக்கத் தடை யாது?

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் ஆயர்களுக்கும் உரிய சர்வதேச ஆண்டாக அறிவித்தது. உலகம் மதிக்கும் உரிமையை நாம் இரந்து பெறவேண்டியதில்லை. அடுத்த பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், மாடு அகற்றும் நாளைக் குறிக்குமுன், மாடு மேயும் தரையைக் குறிக்குமாறு கமக்காரரும் பட்டிக்காரரும் ஒருமித்துக் கேட்பார்களாக!