பூட்டிய சவப்பெட்டி

2006 செப்டம்பர் 1 அன்று, பாகிஸ்தானின் பலூச்சிஸ்தான் மாகாணத்தில் உள்ள தேரா புக்தியில் ஒரு சவப்பெட்டியைப் பூட்டியபடியே புதைத்தார்கள். மகன்கள்கூட அருகில் இல்லை. உள்ளே இருந்தவர் புக்தி பழங்குடியின் தலைவர் நவாப் அக்பர் புக்தி, வயது 79. ஆகஸ்ட் 26 அன்று கோலு மலைக் குகையொன்றில், ராணுவ நடவடிக்கையின்போது இறந்தவர். குகை தானாக இடிந்தது என்றது ராணுவம். பலூச்சிஸ்தானில் அதை நம்பியவர்கள் குறைவு.

புக்திக்கு விடுதலை வீரர் பட்டம் சூட்ட நமக்கு மனமில்லை. தன் குடிகளை அடக்கி ஆண்ட சர்தார் அவர். சொந்தமாகச் சிறையும் வைத்திருந்தார். 1973இல் மக்கள் தேர்ந்தெடுத்த மாகாண அரசை அன்றைய ஜனாதிபதி பூட்டோ கலைத்தபோது, கூசாமல் கவர்னர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ராணுவம் மாரி, மெங்கல் ஆகிய பலூச் பழங்குடிகளை வேட்டையாடத் தொடங்கிய நேரம் அது. 1989இல் முதல்வரும் ஆனார். அதுவரை அவருடைய சிறையோ துப்பாக்கிகளோ இஸ்லாமாபாத்தின் கண்ணை உறுத்தவில்லை.

உறுத்தியது எரிவாயுக் கணக்கு. புக்திகளின் மண்ணான சுயியில் 1952இல் எரிவாயு கிடைத்தது. சில ஆண்டுகளிலேயே குழாய் கராச்சிக்குப் போய்விட்டது. மாகாணத் தலைநகரான குவெட்டாவுக்கு அது வந்து சேர 1980கள் ஆயின. சுயியைச் சுற்றிய ஊர்களிலோ விறகடுப்புதான். ராயல்டியை உயர்த்துங்கள், எங்கள் பிள்ளைகளுக்கு வேலை கொடுங்கள், புதிய ராணுவ முகாம் வேண்டாம் என்றார் புக்தி. கேட்டவர் யோக்கியரா என்பது வேறு விஷயம், கேட்டது நியாயம்.

2005 ஜனவரியில், சுயி எரிவாயு நிலைய மருத்துவமனையில் பணியிலிருந்த பெண் மருத்துவர் ஒருவர் வன்புணர்வுக்கு ஆளானார். பழி ஒரு ராணுவ அதிகாரிமீது விழுந்தது. விசாரணை முடியுமுன்பே அவர் நிரபராதி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் ஜனாதிபதி முஷாரஃப். புக்திகள் எரிவாயு நிலையத்தைத் தாக்கினார்கள்.

அப்போதும் பேச வழி இருந்தது. ஆளுங்கட்சித் தலைவர் சவுத்ரி ஷுஜாத் ஹுசைனே தேரா புக்திக்குப் போய்ப் பேசினார். நாடாளுமன்றக் குழு பரிந்துரைகளை எழுதிக் கொடுத்தது. அவற்றைக் கிடப்பில் போட்டுவிட்டுப் படையை அனுப்பினார்கள், கிழவர் மலையேறினார்.

சர்தார்களை வெறுத்து வளர்ந்த பலூச் இளைஞர்களுக்கும் ஒரு சர்தாரைத் தியாகியாக்கித் தந்ததுதான் முஷாரஃப் கண்ட பலன். 2016 ஜனவரியில், புக்தி கொலை வழக்கிலிருந்து அவரைக் குவெட்டா நீதிமன்றம் விடுதலை செய்தது.